எட்டாம் கட்டு பாண்டிருப்பில்

வாசிகசாலைக்கு வந்த பெட்டிகளைத் திறந்து பார்த்தபோது றாஹிலாவுக்கு முதலில் வந்தது சிரிப்புத்தான். மூன்று பெட்டி நிறையப் புத்தகங்கள். அத்தனையும் சிங்களத்தில்.

பெட்டிகளைக் கொண்டுவந்த இன்ஸாப் ஒன்றை எடுத்துப் புரட்டினான். அதை வைத்துவிட்டு, அடியிலாவது தமிழ் கிடக்காதா என்பதுபோல ஆழத்தில் கைவிட்டு இன்னொன்றை உருவினான். அதுவும் அப்படித்தான். கழுத்தில் தொங்கிய நிறுவனத்தின் அட்டையை அவன் சட்டைக்குள் தள்ளிக்கொண்டதைப் பார்க்க றாஹிலாவுக்குப் பாவமாக இருந்தது.

"கொழும்பில யாரோ பெட்டிய மாத்திப்போட்டானுகள் போல, ராத்தா."

"அப்ப நம்மட பெட்டி எங்க போயிரிக்கும்?"

"மொனராகலைப் பக்கம், சிங்கள ஊருக்குப் போயிருக்கலாம்."

"அங்கயும் இப்ப ஒருத்தி பெட்டியத் துறந்து வச்சிட்டு நம்மளப் போல முழிச்சிட்டிரிப்பா. அவவுக்கும் ஸலாம் சொல்லிருங்க."

சண்டை முடிந்து அடுத்த வருடம் அது. சுனாமி அலை வந்து ஆறாவது வருடம். ஊருக்கு வராத நிறுவனமில்லை. தண்ணீர்த் தாங்கி தந்தார்கள், தையல் மிஷின் தந்தார்கள், மன ஆறுதலுக்குப் படம் கீறச் சொன்னார்கள். இன்ஸாப் வேலை செய்த நிறுவனம் ‘ஓர் ஊர், ஒரு புத்தகம்’ என்று வந்தது. ஊரார் எல்லாரும் ஒரே புத்தகத்தை ஒரு மாதம் வாசிப்பது, பிறகு ஒன்றாக உட்கார்ந்து அதைப்பற்றிக் கதைப்பது. கல்முனைக்குடி வாசிகசாலையும் பக்கத்துப் பாண்டிருப்புப் பெண்களும் சேர்ந்து செய்வதாக ஏற்பாடு. ஒரு பக்கம் முஸ்லிம்கள், மறுபக்கம் தமிழர்கள். அதனால்தான் கொழும்பில் இந்த ஊரைத் தெரிவு செய்தார்கள் என்று இன்ஸாப் சொன்னான்.

மாதிரிக்கென்று முதலில் அனுப்பிய ஒரே ஒரு தமிழ்ப் பிரதி றாஹிலாவின் மேசையில் இருந்தது. ‘வீட்டை விடாதவள்’ என்று பெயர். குளம் கட்டுவதற்காக ஒரு கிராமத்தையே காலி செய்யச் சொல்கிறார்கள். எல்லாரும் லொறி ஏறிப் போகிறார்கள். ஒருத்தி மட்டும் போகமாட்டேன் என்று வீட்டில் இருந்துவிடுகிறாள். அவளுக்குப் பெயர்கூட இல்லை. கதை முழுக்க ‘அவள்’தான்.

றாஹிலா அதை இரண்டு பின்னேரத்தில் வாசித்து முடித்திருந்தாள். முடித்ததும் புத்தகத்தை மூடிவைத்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தாள். அந்தக் கதையில் என்ன தன்னைப் பிடித்துக்கொண்டது என்று யோசித்தாள். அந்தப் பெண்ணின் பிடிவாதம் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு, அது இல்லை என்று தெரிந்தது. அந்தப் பெண்ணிடம் ஓர் அதிகாரி "இங்கே வந்து நில்" என்கிறார். அவள், "எனக்கு நிற்க இடமிருக்கிறது" என்கிறாள். அந்த ஒரு வரிதான்.

அலை வந்த நாளிலிருந்து றாஹிலா மற்றவர்கள் காட்டிய இடங்களில்தான் நின்றிருக்கிறாள். அரிசிக்கு வரிசை, பாய்க்கு வரிசை, கூடாரத்துக்கு வரிசை. மூன்றாம் நாளே யாரோ ஒலிபெருக்கியில் தமிழர் அந்தப் பக்கம், முஸ்லிம்கள் இந்தப் பக்கம் என்று பிரித்தார்கள். பங்கிட லேசாக இருக்குமாம். அதுவரை ஒரே பாடசாலை மண்டபத்தில் ஒரே பானையில் உண்டவர்கள் எழுந்து, சொன்னபடி இரண்டு கோடாக நின்றார்கள். பிறகு கடலோரத்தில் வீடு கட்டக்கூடாது என்று சட்டம் வந்தது. உம்மா அவளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த வீடு கடலோரத்தில்தான் இருந்தது. இப்போது அத்திவாரம் மட்டும் இருக்கிறது. வயல் பக்கமாக வீட்டுத் திட்டத்தில் ஒரு வீடு கிடைத்தது. பத்திரத்தில் குடும்பத் தலைவர் என்று அவளுடைய புருசன் ஜவுபரின் பெயரைப் போட்டார்கள்.

அந்த ஊர்களில் வீடு பெண்ணுக்குரியது. ஆண் கலியாணம் முடித்துப் பெண்ணின் வீட்டுக்குத்தான் வருவான். பத்திரத்தைப் பார்த்த ஜவுபர் விழுந்து விழுந்து சிரித்தான். "கலியாணம் முடிச்ச நாள் தொடக்கம் உன்ட வீட்டில விருந்தாளியா இருந்தன். இப்ப நீ விருந்தாளி. தேத்தண்ணி குடிக்கிறயா?" என்றான். அவளும் சிரித்தாள். ஆனால் ‘விருந்தாளி’ என்ற சொல் அவளுக்குள் தங்கிவிட்டது. அது இன்னும் போகவில்லை.

பெட்டிகளை என்ன செய்வதென்று அவர்கள் இருவரும் யோசித்துக்கொண்டிருந்தபோது, புடவைப் பொட்டணியோடு பாத்தும்மா உள்ளே வந்தாள். வீடு வீடாகப் புடவை விற்கும் விதவை அவள். கல்முனைக்குடியிலும் பாண்டிருப்பிலும் அவள் கால் படாத வாசல் இல்லை. வெயிலுக்கு ஒதுங்க வாசிகசாலைக்கு வருவாள். வந்தால் பத்திரிகையைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசிப்பாள். அவளுக்குப் பின்னால் பாண்டிருப்புத் தையல்கடை மீனாம்பிகையும் வந்தாள். தைக்கத் துணி வாங்கப் பாத்தும்மாவைத் துரத்திக்கொண்டு வந்தவள் அவள்.

விசயத்தைக் கேட்ட பாத்தும்மா, "இதுக்கென்ன பெரிய யோசின?" என்றாள். "கத்தத்துக்குப் பிரிக்கிற மாதிரிப் பிரிச்சுக் குடுங்கவன். ஒரு நாளில முடிஞ்சிரும்."

வீட்டில் யாராவது மௌத்தானால், இறந்தவருக்காகக் கத்தம் ஓதுவார்கள். குர்ஆனின் முப்பது பாகங்களும் தனித்தனிச் சிறு புத்தகங்களாகப் பள்ளிவாசலிலிருந்து பெட்டியில் வரும். ஆளுக்கொன்றாக எடுத்து எல்லாரும் ஒரே நேரத்தில் ஓத, சற்று நேரத்துக்குள் முழுவதும் அந்த வீட்டில் ஓதி முடிந்துவிடும்.

"என்ன ராத்தா, கதப் புத்தகத்தப் போயா?" என்று இன்ஸாப் முகம் சுளித்தான்.

"தவ்பா! அதும் இதும் ஒண்டெண்டா சொன்னன்? பிரிக்கிற விதத்தத்தான் சொல்றன். முப்பதாப் பிரிக்க வேணாம். அது வேற. இத வேற கணக்கில பிரிங்க."

கணக்கைப் புத்தகமே சொன்னது. றாஹிலா அந்தத் தமிழ்ப் பிரதியின் அட்டையைக் கழற்றி, முதுகுப் பசையை ஈரத்துணியால் ஊறவைத்து, பிளேட்டால் நூலை அறுத்தாள். புத்தகத்தை வெட்டுவது அவளுக்குக் கை கூசும் வேலை. ஆனால் நூல் அறுந்ததும், அது தைத்த கட்டுக் கட்டாகத் தானே பிரிந்து வந்தது. இருபத்திரண்டு கட்டுகள்.

"அப்ப எங்கட பக்கத்துக்கு?" என்றாள் மீனாம்பிகை. "உங்கட ஆக்களே எல்லாத்தையும் வாசிச்சு முடிச்சா, நாங்க வாயப் பாத்துக்கொண்டா இருக்கிற?"

"பாதிக்குப் பாதி, அக்கா."

றாஹிலா பிரித்தாள். ஒன்று பாத்தும்மாவின் பக்கம், இரண்டு மீனாம்பிகையின் பக்கம், மூன்று பாத்தும்மாவின் பக்கம், நான்கு மீனாம்பிகையின் பக்கம். முதற் பாதியை இங்கே, மறுபாதியை அங்கே என்று ஏன் அவள் பிரிக்கவில்லை? பின்னால் பலமுறை அதை யோசித்துப் பார்த்தாள். கை தன்பாட்டில் செய்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கை தன்பாட்டில் எதையும் செய்வதில்லை என்று அவளுக்கும் தெரியும்.

பாத்தும்மாவின் யோசனையில் ஒரு கோளாறு இருந்தது. கத்தத்தில் பக்கத்து ஆள் எந்தப் பாகத்தை ஓதுகிறார் என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. முழுவதும் ஓதப்பட்டுவிட்டது, அது போதும். கதை அப்படி விடுமா? அதுவும், அத்தியாயம் பார்த்தா பிரித்தார்கள்? தையல் கட்டின்படி பிரித்ததில் ஒவ்வொரு கட்டும் நட்டநடு வசனத்தில் அறுந்து நின்றது.

ஒரு கிழமையில் இருபத்திரண்டு பெண்களும் ஆளுக்கொரு கட்டை வாசித்துவிட்டார்கள். "ஊரே வாசிச்சிட்டுது" என்று பாத்தும்மா பெருமையாகச் சொன்னாள். இன்ஸாப் தொலைபேசியில் எத்தனை பேர் முழுப் புத்தகத்தையும் வாசித்தார்கள் என்று கேட்டான். "ஒருத்தரும் இல்ல. ஆனா ஊர் முழுக்க வாசிச்சிட்டுது" என்றாள் றாஹிலா.

பிறகுதான் தேடல் தொடங்கியது.

ஏழாம் கட்டு ஸுலைஹாவிடம் இருந்தது. சந்தைக்குப் பக்கத்தில் பல சாமானும் விற்கும் சாய்ப்புக்கடை வைத்திருக்கும் மனிதரின் மனைவி, எட்டாம் வகுப்போடு கலியாணம் முடித்தவள், தெருவின் அந்தத் தொங்கலில் கதைத்தால் இந்தத் தொங்கலுக்குக் கேட்கும். அவளுடைய கட்டின் கடைசி வரி இப்படி இருந்தது: ‘வாசலுக்குள் கால் வைத்த அதிகாரியைப் பார்த்து அவள் மண்வெட்டியை ஓங்கி’. அவ்வளவுதான்.

ஸுலைஹா வாசிகசாலைக்குள் வந்து அந்தக் கட்டை றாஹிலாவின் மேசையில் அடித்தாள். "ஓங்கி? ஓங்கி என்ன செஞ்சாள்? அடிச்சாளா, இல்லையா? ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்குதில்ல."

"எட்டாம் கட்டு பாண்டிருப்பில. மீனாம்பிகை அக்காக்கிட்ட."

"உங்களுக்குத் தெரியும்தானே, சொல்லுங்களன்."

"நான் சொன்னா உங்களுக்கு ருசி போயிரும்."

ஸுலைஹா அன்றைக்கே ஒரு துணியை எடுத்துக்கொண்டு, சட்டை தைக்கும் சாட்டில் தையல்கடைக்குப் போனாள். இருபது வருடமாகப் பாண்டிருப்புக்குப் போகாதவள் அவள். மீனாம்பிகை அளவெடுத்தாள், தோள் பிடித்தாள், கைநீளம் கேட்டாள், கதையை மட்டும் சொல்லவில்லை. "நாள் வரட்டும். எல்லாருக்கும் முன்னால சொல்றன். உங்கட ஒன்பதாம் கட்டு ஆரிட்ட கிடக்கு? அத முதல்ல சொல்லுங்க பாப்பம்." இப்படியே ஒருத்தியை ஒருத்தி மிரட்டிக்கொண்டும் கெஞ்சிக்கொண்டும் அந்த மாதம் போனது. முன்பின் தெரியாத இரண்டு ஊர்ப் பெண்கள் ஆளுக்கு ஆள் இலக்கம் வைத்து அழைத்துக்கொண்டார்கள். "பத்து எப்படி இரிக்கா? காய்ச்சலாமே?" என்பாள் பாத்தும்மா.

இந்தச் சந்தோசத்தின் நடுவில்தான் உதுமாலெவ்வை ஹாஜியார் றாஹிலாவைக் கூப்பிட்டனுப்பினார்.

அவர் வாசிகசாலைக் குழுவின் தலைவர். நல்ல மனிதர். அலை வந்த அன்று இரவும் பகலும் இறந்தவர்களின் ஜனாஸாக்களைத் தூக்கியவர். றாஹிலா அங்கே தற்காலிக உதவியாளராக வேலை செய்து வந்தாள். அவளை நிரந்தரமாக்கும் கடிதத்தில் அவர்தான் கையெழுத்து வைக்கவேண்டும்.

"மகள், கூட்டத்த ரெண்டா வைப்பம்" என்றார். "நம்மட பொம்பிளைகள் வாசிகசாலையில. அவங்கட ஆக்கள் அங்கால பள்ளிக்கூடத்தில. கொழும்புக்காரர் முதல் இங்க வருவாங்க, பிறகு அங்க போவாங்க. ரெண்டு பக்கமும் மரியாதையா முடிஞ்சிரும்."

"ஒரு புத்தகம் எண்டுதானே ஹாஜியார் திட்டம்?"

"புத்தகம் ஒண்டுதான். ஆக்கள் ரெண்டுதானே. இப்பதான் சண்டை முடிஞ்சு நெருப்பு அணைஞ்சிரிக்கி. ஒரு சொல் கூடப் போச்செண்டா? அங்க ஒருத்தி பழசக் கிளறினா? பொறுப்பு ஆருக்கு?"

அது சாட்டு இல்லை என்று றாஹிலாவுக்குத் தெரியும். இரு பக்கமும் கொலைகள் விழுந்த தொண்ணூறாம் ஆண்டு வயலுக்குப் போன ஹாஜியாரின் தம்பி திரும்பி வரவில்லை. மீனாம்பிகையின் அண்ணனும் அதே ஆண்டில்தான் கடைக்குப் போய் வராமல் போனார். பயத்தை அவளால் பழிக்க முடியவில்லை. ஆனால் அந்தப் பயம் அவளை மறுபடியும் ஒரு கோட்டில் கொண்டுபோய் நிறுத்தப் பார்த்தது.

"கட்டு பாதி அங்கதானே இரிக்கி" என்றாள்.

"நீங்க முழுக்க வாசிச்சிருக்கீங்கதானே? இடையில உள்ளத நீங்க சொல்லி ஒப்பேத்திருங்க. கடிதம் நான் கையோட வச்சிருக்கன் மகள். கூட்டம் முடியட்டும்."

சரி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. பழக்கதோசம். றாஹிலா அதை விழுங்கிக்கொண்டு எழுந்து வந்தாள். வழி நெடுக அந்தச் சொல்லை நினைத்தாள். எத்தனை வருடமாக அதைச் சொல்லி வந்திருக்கிறாள்! டோக்கன் கொடுத்தவனுக்கு, கூடாரம் காட்டியவனுக்கு, பத்திரம் நீட்டியவனுக்கு. சொன்ன ஒவ்வொரு தடவையும் ஏதாவது கிடைத்தது. இந்தத் தடவை நிரந்தர வேலை கிடைக்கும். ஓய்வூதியம்கூட. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வசதியில்லை. வேண்டும் என்று சொல்ல மனமில்லை. இரண்டுக்கும் நடுவில் அவள் சோறாக்கினாள், உடுப்புத் துவைத்தாள், ஜவுபருடன் ஒன்றுமில்லாததற்குச் சண்டை பிடித்தாள்.

"என்ன, வேலையில பிரச்சினையா வீட்டிலயா?" என்று ஜவுபர் கேட்டான். வரிப்பத்தான்சேனையில் உழவு முடித்துச் சேற்றோடு வந்திருந்தான்.

"வேலை போனா என்ன செய்வீங்க?"

"நான் என்ன செய்ய? வீடு என்ட பேரிலதானே. உன்னத் துரத்தமாட்டன்."

அவள் அகப்பையை ஓங்கினாள். அவன் சிரித்துக்கொண்டே குளிக்க ஓடினான்.

கூட்ட நாள் வந்தது. ஹாஜியார் சொன்னபடியே முதற் கூட்டத்துக்கு வாசிகசாலைக்கு வெளியே பந்தல் போட்டிருந்தார்கள். பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த பிறகு கொழும்பிலிருந்து நிறுவனத்து அம்மணி ஒருவர் வந்தார். நல்ல தமிழ் பேசினார். இன்ஸாப் கமராவோடு ஓடித் திரிந்தான். ஹாஜியார் வரவேற்றுப் பேசினார். ஒற்றுமை என்ற சொல் அதில் பலதடவை வந்தது. கல்முனைக்குடிப் பதினொரு பெண்களும் முன்வரிசையில் கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். பின்னால் ஊர்ப் பெண்கள் நிறைந்திருந்தார்கள்.

"எல்லாரும் வாசிச்சிட்டீங்களா?" என்று அம்மணி கேட்டார்.

"ஓம்!" என்று ஒரே குரலில் பதில் வந்தது.

"அப்ப கதையைச் சொல்லுங்களேன்."

பாத்தும்மா எழுந்தாள். முதலாம் கட்டைச் சொன்னாள். குளம் வரப்போகிறது என்று தண்டோரா போட்டது, ஊர் கூடி அழுதது, அவள் மட்டும் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தது. நன்றாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

"பிறகு?"

"ரெண்டு பாண்டிருப்பில" என்றாள் பாத்தும்மா.

மூன்றாம் கட்டுக்காரி எழுந்தாள். அவளுடைய கட்டு தொடங்கும்போதே வீட்டுக்குக் கூரை இல்லை. கூரைக்கு என்ன நடந்தது என்று அம்மணி கேட்டார். அவளுக்குத் தெரியாது. ஐந்தாம் கட்டில் ஓர் ஆடு செத்துக் கிடந்தது. அந்த ஆடு எங்கிருந்து வந்தது? தெரியாது. பின்வரிசையில் சிரிப்புத் தொடங்கியது. ஏழுக்கு ஸுலைஹா எழுந்தாள். அவளுக்கு வாசிக்கத் தேவைப்படவில்லை. எல்லாம் பாடமாக இருந்தது. மண்வெட்டியை ஓங்கிய இடத்தில் கையை ஓங்கியபடியே நின்றாள்.

பந்தல் முழுக்கக் கழுத்தை நீட்டிப் பார்த்தது.

"றாஹிலா, இடையில உள்ளதச் சொல்லுங்க மகள்" என்றார் ஹாஜியார். மெதுவாகத்தான் சொன்னார். ஒலிவாங்கியில் அது ஊருக்கே கேட்டது.

றாஹிலா எழுந்தாள். பதினொரு முகங்களும் அவளைப் பார்த்தன. கதை தெரியும். ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். சொன்னால் இந்தப் பந்தல் கைதட்டும், பிறகு அந்த மண்டபம் கைதட்டும், இரண்டு கோட்டிலும் ஆட்கள் ஒழுங்காக நின்றதாகப் படம் வரும். ஸுலைஹாவின் கை இன்னும் மேலேதான் நின்றது.

"எனக்குத் தெரியும் ஹாஜியார். சொல்லமாட்டன்."

"என்ன?"

"எட்டாம் கட்டு பாண்டிருப்பில இரிக்கி. கேக்கணுமெண்டா அங்கதான் போகணும்."

சொன்ன கையோடு நடக்கத் தொடங்கினாள். பந்தலைத் தாண்டிப் பிரதான வீதியில் ஏறியபோது பின்னால் யாரும் வராவிட்டால் என்ன செய்வதென்று யோசித்தாள். வராவிட்டால் தனியாகப் போய் மீனாம்பிகையிடம் மன்னிப்புக் கேட்கலாம். அதுவும் ஒரு வேலைதானே.

"நில்லுங்கடி, செருப்பத் தேடுறன்!" என்று ஸுலைஹாவின் குரல் வீதி முழுக்கக் கேட்டது.

பதினொரு பேரும் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பந்தலே எழுந்து வந்தது. சிலர் குடை பிடித்தார்கள். சிலர் ஓட்டோவை மறித்து ஏறினார்கள். சந்தியில் நின்ற சிப்பாய் துவக்கைத் தோளில் சரிசெய்தபடி அரைத்தமிழில், "எங்க போற? என்ன பிரச்சின?" என்றான்.

"மண்வெட்டியால அடிச்சாளா இல்லையா எண்டு பாக்கப் போறம் தம்பி" என்றாள் பாத்தும்மா, நிற்காமல். அவன் வோக்கிடோக்கியை எடுத்தான். என்ன சொல்வதென்று தெரியாமல் மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டான்.

பாடசாலை மண்டபத்தில் மீனாம்பிகையின் ஆட்கள் பின்னேரத்திலிருந்து காத்திருந்தார்கள். வாசலில் இத்தனை தலைகளைக் கண்டதும் முன்வரிசை எழுந்து நின்றது. பின்வரிசையில் ஓர் அம்மா தன் பேரப்பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். றாஹிலா அதைக் கண்டாள். ஹாஜியாரின் பயத்துக்கு இங்கேயும் ஒரு வீடு இருந்தது.

மீனாம்பிகைதான் முதலில் வாய் திறந்தாள். "இப்பதான் வழி தெரிஞ்சதா? எங்கட ரெண்டாம் கட்டு ‘என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்’ எண்டு தொடங்குதுகா. என்னத்தச் சொன்னாள், ஏன் சிரிச்சாள் எண்டு ஒரு மாசமா மண்டையப் போட்டு உடைக்கிறம்!"

"அத நான் சொல்றன், நகருங்க" என்று பாத்தும்மா உள்ளே நுழைந்தாள்.

யார் எங்கே இருப்பது என்ற கேள்விக்கே இடமிருக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கத்தின்படி கதிரைகளை இழுத்துப் போட்டார்கள். பாத்தும்மாவுக்குப் பக்கத்தில் பாண்டிருப்பு, அதற்குப் பக்கத்தில் கல்முனைக்குடி, மறுபடி பாண்டிருப்பு. அப்படியே இருபத்திரண்டு கதிரைகளும் வட்டமாக வளைந்தன. வாகனத்தில் வந்து இறங்கிய அம்மணியும் இன்ஸாபும் வாசலில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் ஹாஜியார்.

"எனக்கொரு கதிரை போடுங்க" என்றார் அவர். பழக்கத்தில் முன்னுக்கு நடந்தார்.

"நீங்க எத்தினையாம் கட்டு வாசிச்சீங்க?" என்று மீனாம்பிகை கேட்டாள். உண்மையாகவே அவருக்கு இடம் தேடித்தான் கேட்டாள். ஹாஜியார் சுவரோரமாகப் போய் நின்றார்.

கதை தொடங்கியது. கூரையை அதிகாரிகள் கழற்றியது தெரிந்தது. ஆடு எங்கிருந்து வந்ததென்று தெரிந்தது. ஏழில் ஸுலைஹா கையை ஓங்கினாள். மீனாம்பிகை எழுந்து நின்று, எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வாசித்தாள்: ‘தன் வாசற்படியைக் கொத்தினாள். இந்தப் படியை மிதிக்கிறவன் இனி இல்லை என்றாள்.’

"அல்லாஹ்வே, படியயா?" என்று ஸுலைஹா கதிரையில் விழுந்தாள். "நான் அவன்ட கால எண்டெல்லோ நினைச்சன்!"

பிறகு கதையின் ‘அவள்’ முஸ்லிமா தமிழா என்று ஒரு சச்சரவு வந்தது. மழையில் தலையை மூடிக்கொண்டு ஓடியவள் முஸ்லிம்தான் என்றாள் ஒருத்தி. பத்தாம் கட்டில் விளக்கேற்றுகிறாளே, தமிழ்தான் என்றாள் இன்னொருத்தி. "பொழுதுபட்டா விளக்கேத்தாம இருட்டிலயா இரிக்கிற?" என்றாள் பாத்தும்மா. "மழைக்கு நான்தான் தலைய மூடுறன், நான் ஆர்?" என்றாள் மீனாம்பிகை. ஹாஜியார் சுவரை விட்டு நிமிர்ந்தார். பதினொன்று வாசிக்கத் தொடங்கியதும் மறுபடி சாய்ந்தார். பதினாறாம் கட்டில் அந்தக் கதைப் பெண்ணின் காணாமற்போன தம்பியின் சட்டை அலுமாரியில் கிடந்தது. அதை வாசித்தவள் ஓரிடத்தில் நிறுத்திவிட்டாள். மண்டபத்தில் இரண்டு பக்கத்திலும் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. யாரும் பழசைக் கிளறவில்லை. அது தன்பாட்டில் வந்து எல்லார் மடியிலும் இருந்துவிட்டுப் போனது.

கடைசிக் கட்டு செல்லத்தங்கத்திடம் இருந்தது. காரைதீவில் வீடு கட்டிக் கொடுத்திருந்த ஒரே மகளை அலையில் பறிகொடுத்தவள். பேச்சுக் குறைவு. அவள் வாசித்த கட்டில் குளத்துத் தண்ணீர் கதைப் பெண்ணின் வாசல்வரை வருகிறது. அவள் வாசற்கதவைப் பிணைச்சலோடு கழற்றித் தலையில் தூக்கிக்கொண்டு அணைக்கட்டில் ஏறுகிறாள். அங்கே வெறும் மண்ணில் கதவை நட்டுவிட்டு, அதற்குப் பின்னால் உட்கார்ந்து அடுப்பு மூட்டுகிறாள்.

"அப்ப விட்டுட்டாள்தானே!" என்று ஒரு குரல்.

"எங்க விட்டாள்? கதவு கையில இரிக்கிதே!"

"சுவர் இல்லாத கதவு என்னத்துக்கு?"

"தட்டிப்போட்டு வரத்தான்" என்றாள் செல்லத்தங்கம். அன்றைக்கு அவள் சொந்தமாகச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

இரைச்சல் கூரையைப் பிடித்தது. றாஹிலா அந்த இரைச்சலுக்குள் நின்றாள். அவளிடம் யாரும் முடிவு கேட்கவில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது. சந்தோசமா என்று தன்னைக் கேட்டுப் பார்த்தாள். சந்தோசம் இல்லை. பல வருடம் கழித்து, தானே தெரிவு செய்த ஓரிடத்தில் காலை ஊன்றி நிற்பதுபோல இருந்தது. அவ்வளவுதான். அது போதுமாகவும் இருந்தது.

ஹாஜியார் பக்கத்தில் வந்தார். கோபம் ஆறிக் களைத்திருந்தார். "நல்லாத்தான் நடந்திச்சு மகள். இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா சபையில என்னைய எதிர்த்த ஆளுக்கு நான் கையெழுத்து வைக்கேலா. குழு ஒத்துக்காது."

"தெரியும் ஹாஜியார்."

"மாப்புக் கேட்டா ஒரு வழி பாக்கலாம்."

"கேக்கமாட்டன்."

அவர் கையை நீட்டினார். "அப்ப சாவியத் தாங்க. புத்தகத்தையும் சேத்துக் கட்டித் தாங்க. வாசிகசாலைச் சொத்து."

றாஹிலா இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்த கை லேசாக இருந்தது, நெஞ்சு லேசாக இல்லை. நாளைக் காலை அந்தக் கதவு வேறு யாராலோ திறக்கப்படும். அதை நினைக்க வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டாள்.

"புத்தகம் என்னட்ட இல்ல" என்றாள். "இருபத்திரண்டு பேரிட்டயும் இரிக்கி. ஒவ்வொரு வீடாப் போய்க் கேட்டு வாங்குங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். வட்டம் அதற்குள் குலைந்துவிட்டிருந்தது. ஆளுக்கு ஆள் தங்கள் கட்டைக் கொடுத்து மற்றவளுடையதைப் பறித்துக்கொண்டிருந்தார்கள். ஸுலைஹா ஏழாம் கட்டை மீனாம்பிகையின் கையில் திணித்துவிட்டு எட்டாம் கட்டைக் கைப்பைக்குள் தள்ளினாள். "படியக் கொத்தினதத் திருப்பி வாசிக்கணும். என்ட கண்ணால வாசிக்கணும்."

"பத்திரம்கா, கறி ஊத்திப்போடாத."

"ஊத்தினா என்ட கறி எவ்வளவு ருசியெண்டு உனக்கே விளங்கும். அடுத்த வெள்ளி எங்கட வீட்ட வாங்க எல்லாரும்."

"ஆரிட்டக் கேட்டு?" என்றார் ஹாஜியார். அதட்டலாகத்தான் தொடங்கினார், கேள்வியாக முடிந்தது.

ஸுலைஹா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "என்ட உம்மா தந்த வீடு ஹாஜியார்" என்றாள். பிறகு மண்டபத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "ஒன்பது ஆரிட்ட? ஒன்பது! வெள்ளிக்கு முதல் எனக்கு ஒன்பது வேணும்!"